டி.எச். ரோடு முதல் வண்ணை வரை: சொற்கள் எங்கே நீள்கின்றன, எங்கே சுருங்குகின்றன

வடசென்னை ராயபுரத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "இங்கே எல்லாரும் டி.எச். ரோடு, ஆர்.எஸ்.ஆர்.எம்., எம்.கே.பி. நகர் என்றே பேசுகிறார்கள். 'வந்துகினு கீறேன்' என்கிறார்கள். எழுத்தில் பார்த்தால் எல்லாமே ஒரு முழ நீளம். சில சொற்கள் ஏன் அவ்வளவு நீளம்? மக்கள் அவற்றை எந்தக் கணக்கில் சுருக்குகிறார்கள்? இது சோம்பேறித்தனமா, கொச்சையா?"

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். சொல்லின் நீளத்தோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருப்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சோம்பேறித்தனம் என்பதை முதலிலேயே தள்ளிவிடலாம். வாய் சோம்பியதால்தான் சொல் சுருங்குகிறது என்றால், 'பஸ்' ஏன் எங்கள் பேச்சில் 'பஸ்ஸு' ஆகிறது? 'ஸ்கூல்' ஏன் 'இஸ்கூல்' ஆகிறது? ரோடு, லைட்டு, பில்லு, டோல்கேட்டு என்று ஓர் உகரத்தைச் சேர்த்துத்தான் பேசுகிறோம். அது கூடுதல் உழைப்பு. வல்லின ஒலியில் சொல் முடிவது தமிழ் வாய்க்குப் பழக்கமில்லை, ஸகர மெய்யில் தொடங்குவதும் இல்லை. அதனால் கேட்காமலே ஓர் அசையைக் கூட்டிக்கொள்கிறோம். அதே வாய்தான் 'இருக்கிறது' என்பதை 'கீது' என்று குறைக்கிறது. ஆகவே கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் வேறு வேறு காரணங்கள் இருக்க வேண்டும்.

குறைப்பதற்கான முதல் காரணம் புழக்கம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஜிஃப் என்ற மொழியறிஞர் 1930களில் இதை எண்ணிப் பார்த்து எழுதினார்: அடிக்கடி புழங்கும் சொல் குட்டையாக இருக்கும், அபூர்வமாக வரும் சொல் நெட்டையாக இருக்கும். 2016இல் ஆயிரத்துக்கு நெருக்கமான மொழிகளில் சோதித்துப் பார்த்தும் இந்தப் போக்கு நிலைத்தது. தமிழுக்கு எந்தச் சோதனையும் வேண்டாம். நான், நீ, வா, போ, கை, கண், மீன், கடல், மழை என்று அன்றாடம் வாயில் வருபவை எல்லாம் ஓரசை, ஈரசைதான். ஒரே எழுத்தில் நிற்கும் சொற்களென்று நன்னூல் 42ஐக் கணக்கிடுகிறது. பூ, தீ, கை, வா, போ எல்லாம் அதில் அடக்கம். மறுபக்கம், 'நச்சுயிர்க்கொல்லி'யை யாரும் தினமும் உச்சரிப்பதில்லை. அது நீளமாகவே இருந்துவிட்டுப் போகிறது.

ஆனால் புழக்கம் மட்டும் முழு விடை ஆகாது. 2011இல் பியான்டடோசி, டைலி, கிப்சன் என்ற மூவர் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைவிட, வரும் இடத்தில் அதை எவ்வளவு எளிதாக ஊகிக்கலாம் என்பதே அதன் நீளத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. கேட்பவர் ஏற்கெனவே எதிர்பார்த்துக் காத்திருக்கும் சொல்லை முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்பாராத சொல்லை முழுசாகச் சொல்லியே ஆகவேண்டும்.

இதைப் பார்க்கக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போதும். கண்ணாடி இழையால் செய்த படகுக்கு அங்கே வெறும் 'ஃபைபர்' என்றுதான் பெயர். "ஃபைபர்ல போயிருக்கான்" என்றால் படகில் போயிருக்கிறான் என்று குழந்தைக்கும் புரியும், ஏனென்றால் துறைமுகத்தில் வேறெதில் போவது? அதே சொல்லை வியாசர்பாடியில் தண்ணீர்த் தொட்டி விற்கும் கடையில் சொன்னால் தொட்டியாகிவிடும். கேட்பவரும் இடமும் மீதியை நிரப்பித் தரும் தைரியத்தில்தான் 'படகு' விழுந்தது. ராயபுரத்தில் "ஸ்டான்லிக்குப் போயிட்டு வரேன்" என்றால், அது பெரிய அரசு மருத்துவமனை என்று விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரரிடம் மட்டும் "ஸ்டான்லி ஆஸ்பத்திரி" என்று அடுத்த சொல்லைச் சேர்ப்போம். யாரோடு பேசுகிறோம் என்பதைப் பார்த்து நம்மையறியாமலே நீளத்தைக் கூட்டிக் குறைக்கிறோம். உங்களுக்கு எல்லாமே புதிர்போல இருப்பதன் காரணமும் இதுதான். அந்தச் சுருக்கங்கள் உங்களை மனத்தில் வைத்து உண்டானவை அல்ல.

சரி, எந்தப் பகுதி விழுகிறது, எது நிற்கிறது? இதற்கு வந்துகினு கீறேனைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எழுத்துத் தமிழில் அது 'வந்துகொண்டிருக்கிறேன்'. வந்து, கொண்டு, இரு, அப்புறம் காலம் காட்டும் கிறு, ஆளைக் காட்டும் ஏன். மதுரைப் பக்கம் போனால் 'வந்துக்கிட்டிருக்கேன்'. சில வீடுகளில் 'வந்திண்டிருக்கேன்'. இன்னும் சில இடங்களில் 'வந்துட்டிருக்கேன்'. எங்களிடம் 'வந்துகினு கீறேன்'. நான்கு இடத்து ஆட்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே ஒரே இடத்தில்தான் தேய்த்திருக்கிறார்கள். 'வந்து' எல்லோரிடமும் அடையாளம் தெரியும்படி நிற்கிறது. தேய்ந்தது 'கொண்டு', அடுத்து 'இருக்கிற'. கடைசியில் ஆளைக் காட்டும் 'ஏன்' மறுபடி பத்திரமாக நிற்கிறது. யார், என்ன செய்கிறார் என்ற இரண்டும் கேட்பவரால் ஊகிக்க முடியாதவை. அவற்றைத் தொடவில்லை. நடுவில் இருக்கும் 'கொண்டிரு' ஆயிரம் வினைகளோடு அதே வடிவத்தில் வருவது. பாதி சொன்னாலே போதும். 'போகவேண்டும்' போகணும் ஆனதும், 'என்று சொன்னான்' என்பதிலுள்ள என்று வெறும் 'னு' ஆனதும் இதே கணக்குதான். 'கினு' என்று பேசுபவரைக் கேலி செய்துவிட்டுத் தான் 'கிட்டு' என்று பேசுபவர், ஒரே வேலையை வேறு உளியால் செய்கிறார், அவ்வளவுதான்.

கொச்சையா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வி எனக்கு மனத்துக்கு நெருக்கமானது. ஏனென்றால் எங்கள் பகுதிப் பிள்ளைகள் வாய் திறக்கவே கூச்சப்படும் அளவுக்கு இந்தச் சொல்லை அவர்கள்மேல் வீசியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டை ஒட்டி வந்த நன்னூல், சொற்களின் இயல்பு வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது: இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ. மரூஉ என்றால் மருவிய சொல். அது பிழைகளின் பட்டியலில் இல்லை, இயல்புகளின் பட்டியலில் இருக்கிறது. அதற்குக் காட்டும் உதாரணங்களைப் பாருங்கள்: சோழநாடு சோணாடு ஆனது, மலையமான் நாடு மலாடு ஆனது, அருமருந்தன்ன பிள்ளை அருமந்த பிள்ளை ஆனது. 'அருமருந்தன்ன' என்பதிலிருந்து 'அருமந்த' வரை வந்த தேய்வு, 'கொண்டு' என்பதிலிருந்து 'கினு' வரை வந்த தேய்வைவிடக் குறைவானது அல்ல. முன்னதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம், பின்னதற்கு வகுப்பில் திட்டு வாங்குகிறோம். தேர்வுத் தாளில் வந்துகினு என்று எழுதக்கூடாது, அது சரிதான். எழுத்துக்கு ஒரு பொது வடிவம் வேண்டும். ஆனால் பேசுபவனுக்கு மொழி தெரியவில்லை என்று அதற்குப் பொருள் கிடையாது.

ஊர்ப் பெயர்களில் மரூஉ இன்னும் ஒழுங்காக நடக்கிறது. தஞ்சாவூர் தஞ்சை, கோயம்புத்தூர் கோவை, திருநெல்வேலி நெல்லை, புதுச்சேரி புதுவை, நாகப்பட்டினம் நாகை. சென்னைக்குள் மயிலை, சைதை, புரசை. எங்கள் பக்கத்தில் வண்ணாரப்பேட்டைக்கு வண்ணை, வியாசர்பாடிக்கு வியாசை. சென்னப்பட்டணம் சென்னை ஆனதும் இதே அச்சில்தான். பெயர் எத்தனை நீளமாக இருந்தாலும் முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஓர் ஐகாரம் வைத்து, இரண்டு மூன்று அசையில் முடித்துவிடுவது. ஆட்களின் பெயரிலும் இப்படி ஓர் ஈரசை அச்சு உண்டு: சுப்பு, பாலு, ராமு, கிட்டு. சில சமயம் வாலைப் பிடிப்பதும் உண்டு. சுப்பிரமணி, பாலசுப்பிரமணி இருவருமே மணி ஆகிவிடுவார்கள்.

சுவரொட்டி எழுதுபவர்களுக்கு 'வண்ணை' ஒரு வரம். பேர் போடுகிறவருக்குத் தன் பெயர் பெரிய எழுத்தில் வேண்டும், முன்னால் ஊரும் வேண்டும், சுவரோ அதே அகலம். 'வண்ணாரப்பேட்டை' எட்டு எழுத்து. 'வண்ணை' மூன்றே எழுத்து. ஆனால் பேச்சில் 'நான் வண்ணைக்குப் போறேன்' என்று யாரும் சொல்வதில்லை, பேச்சில் அது 'வண்ணாரப்பேட்ட'தான். எழுத்துக்குப் பிறந்த சுருக்கமும் பேச்சுக்குப் பிறந்த சுருக்கமும் வேறு வேறு. திருவொற்றியூரில் நடந்தது வேறு மாதிரி. அங்கே முன்னால் இருக்கும் 'திரு' எத்தனையோ ஊருக்கு உண்டு, தனியாக எதையும் காட்டித் தருவதில்லை, அதனால் அதுதான் கழன்றது. தேவாரப் பாடல்களிலேயே 'ஒற்றியூர்' என்று வருகிறது.

இனி முதலெழுத்துச் சுருக்கங்கள். டி.எச். ரோடு என்பது திருவொற்றியூர் ஹை ரோடு. ஜி.என்.டி. ரோடு, கிராண்ட் நார்தர்ன் ட்ரங்க் ரோடு. பெரம்பூர் பக்கம் ஐ.சி.எஃப்., அதாவது 1955இல் தொடங்கிய இன்டக்ரல் கோச் ஃபாக்டரி. ஆர்.எஸ்.ஆர்.எம். என்பது ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரிலுள்ள அரசுப் பிரசவ ஆஸ்பத்திரி. இடுப்பு வலி எடுத்த பெண்ணை ஆட்டோவில் ஏற்றும்போது ராஜா, சர், முதலியார் எல்லாம் சொல்ல நேரம் ஏது? நாலு எழுத்தைச் சொன்னால் வண்டி கிளம்பிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். இந்தச் சுருக்கங்கள் ஆங்கில எழுத்துகளால் ஆனவை. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் தனிப் பெயர் உண்டு: எம், எச், எஸ், ஆர். ஆகவே சுருக்கத்தை எழுத்தெழுத்தாகத்தான் படிக்க முடிகிறது. 'டபிள்யூ' வந்துவிட்டாலோ எழுத்தின் பெயரே சொல்லைவிட நீண்டுவிடும். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்குவதில்லை. முதலெழுத்து எப்போதும் உயிரோ உயிர்மெய்யோதான். அதை அப்படியே உச்சரித்துவிடலாம். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் நடந்த கூட்டத்தோடு பொதுவாழ்வுக்கு வந்த கட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் டி, எம், கே என்று மூன்று எழுத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். தமிழில் தி, மு, க சேர்ந்து 'திமுக' என்ற மூன்றசைச் சொல்லாகவே ஆகிவிடுகிறது. பிறகு வந்த அதிமுக, மதிமுக, பாமக, விசிக எல்லாமே யாரும் திட்டமிடாமல் சொல்லாகிவிட்டன. வேற்றுமை உருபும் தயங்காமல் ஒட்டுகிறது: திமுகவுக்கு, பாமகவில். புள்ளி வைப்பதா வேண்டாமா என்று அச்சகத்தில் அடிக்கடி கேட்பார்கள். வாய் அதை ஒரே சொல்லாகச் சொன்னால் புள்ளி வேண்டாம், எழுத்தெழுத்தாகச் சொன்னால் புள்ளி வேண்டும் என்பது என் கட்சி.

சுருக்கி எழுதுவது ஆங்கிலத்திடமிருந்து வந்த பழக்கம் என்று நினைத்துவிடக்கூடாது. நம் பழைய கணக்குப்பிள்ளைகள் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹ என்று தனிக்குறிகளே வைத்திருந்தார்கள். 'மேற்படி' என்பதற்கு ௸. பார்க்க 'ஷை' போல இருப்பதால் பழைய பத்திரங்களைப் படிப்பவர்கள் அதை 'ஷை' என்றே வாசித்து, பிறகு 'ஷையார்' என்று எழுதவும் தொடங்கினார்கள். குறி, சொல்லாகவே மாறிவிட்டது. பழைய வீட்டுக் கதவுகளில் 'நெ. 14' என்று இருக்கும். நெம்பர் என்று இப்போது யாரும் எழுதுவதில்லை, 'நெ.' மட்டும் கதவில் தங்கிவிட்டது. விண்ணப்பங்களில் த/பெ, க/பெ கூட இந்த வம்சம்தான்.

அடுத்து, சொற்கள் ஏன் நீள்கின்றன என்ற பாதிக்கு வருகிறேன். தமிழில் பெரிய காரணம், இலக்கணத்தைச் சொல்லின் வாலில் ஒட்டுவது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்' என்பது 19 எழுத்து, ஒரே சொல். ஆங்கிலக்காரர் இதைப் பல சொற்களாக இடைவெளி விட்டு எழுதுவார். கருத்தின் நீளம் ஒன்றேதான், நாம் இடைவெளி விடவில்லை. செய்தித்தாளின் குறுகிய பத்தியில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்தால், வரியின் கடைசியில் எங்கே உடைப்பது என்று தேட வேண்டும். அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக்கூடாது என்பது மட்டும் நாங்கள் விடாத விதி. 'கொ' என்று உடைத்து 'ண்டிருந்த' என்று அடுத்த வரியைத் தொடங்கினால் கண் இடறும்.

இன்னொரு காரணம், புதுப் பொருளுக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பெயரிலேயே விளக்கமும் சொல்லிவிட நினைப்பது. குளிர்சாதனப் பெட்டி, இரு சக்கர வாகனம். பொருள் புதிதாக இருக்கும்வரை விளக்கம் தேவைதான். வீட்டுக்கு வீடு வந்த பிறகு விளக்கம் பாரமாகிவிடும். அப்போது மக்கள் வேறு வழி தேடிக்கொள்வார்கள்: முன்னது ஃப்ரிட்ஜ், பின்னது வெறும் 'வண்டி'. கலைச்சொல் உண்டாக்குபவர்கள் இதை மனத்தில் வைத்தால் நல்லது. 'கணிப்பொறி' இருந்த இடத்தில் 'கணினி' வந்தது, நின்றது. மூன்றசை, உருபு ஏற்க எளிது. நல்ல சொல்லைத் தேடும்போது பொருள் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல், ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர் ஒரு மூச்சில் சொல்ல முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

மரியாதையும் நீளம் கேட்கிறது. வா, வாங்க, சில வீடுகளில் வாங்கோ, மேடையில் வாருங்கள். நண்பர்களுக்கு மணியாக இருப்பவர் பத்திரிகையில் முழுப் பெயரோடு, முன்னும் பின்னும் பட்டங்களோடு வருவார். அலுவலகப் பெயர்களும் இப்படித்தான் நீள்கின்றன. 2019 ஏப்ரல் முதல் நம் பெரிய ரயில் நிலையத்தின் பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம். அதற்கு முன் சென்னை சென்ட்ரல், அதற்கும் முன் மெட்ராஸ் சென்ட்ரல். மூன்று காலத்திலும் ஆட்டோக்காரரிடம் சொன்னது 'சென்ட்ரல்' ஒன்றுதான். முழுப் பெயர் ஒருவரைச் சிறப்பிக்க, குட்டைப் பெயர் வண்டி பிடிக்க. இரண்டும் தேவை, ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. மணலியில் எம்.ஆர்.எல். என்று இருந்த சுத்திகரிப்பு ஆலை 2000இல் சி.பி.சி.எல். ஆனது. ஆனாலும் பழையவர்கள் வாயில் இன்னும் எம்.ஆர்.எல்.தான்.

சுருக்கம் ரொம்ப நன்றாக வேலை செய்துவிட்டால், விரிவு மறந்தே போகும். 2021 பிப்ரவரியில் மெட்ரோவை நீட்டித்தபோது கடைசி நிறுத்தமாக இருந்தது விம்கோ நகர். விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, திருவொற்றியூரில் இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலை. இன்று அங்கே ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு விம்கோ என்பது மாதவரம், மணலி மாதிரி இன்னோர் ஊர்ப் பெயர். அதே தடத்தில் இருக்கும் காலடிப்பேட்டை இன்னும் சுவையானது. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் கொலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் கொலெட் பேட்டை. கொலெட் யாரென்று தெரியாத வாய், தெரிந்த சொல்லான காலடியை அங்கே வைத்துவிட்டது. இங்கே பெயர் குறையவில்லை, பொருள் தேடிப் போய் வேறாகிவிட்டது. ஆம்னி பஸ்ஸும் அப்படித்தான். 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வாலை மட்டும் வெட்டி எடுத்ததுதான் 'பஸ்'. நாம் தனியாரின் தொலைதூர வண்டிக்குப் பெயர் வைத்தபோது, வெட்டுப்பட்ட தலையையும் கொண்டுவந்து அதே வாலோடு சேர்த்துவிட்டோம்.

இந்த மறதி எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. எம்.கே.பி. நகர் என்பது மகாகவி பாரதியார் நகர். மூன்று ஆங்கில எழுத்துக்குள் பாரதி இருப்பது அங்கே குடியிருக்கும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? ராயபுரத்து எம்.எஸ். கோயில் தெரு, மன்னார்சாமி கோயில் தெரு. பேச்சில் எம்.எஸ். இருக்கட்டும், அது யாரும் ஆணையிட்டு மாறப்போவதில்லை. ஆனால் பெயர்ப்பலகையில் முழுப் பெயரைத் தமிழில் பெரிதாகவும், புழங்கும் சுருக்கத்தை அடியில் சிறிதாகவும் எழுத வேண்டும். உங்களைப் போலப் புதிதாக வருபவருக்கு இரண்டும் ஒரே இடம் என்று புரிந்துவிடும், தபால்காரருக்கும் குழப்பம் இருக்காது. நீங்கள் குடியிருக்கும் தெருவின் பெயரிலும் இப்படி இரண்டு எழுத்து இருந்தால், முனை வீட்டில் வயதானவர் யாராவது இருப்பார், "ஐயா, இந்த எழுத்து என்னங்க?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.